வெறுங்கையோடு வருபவருக்கும் நம் வாசல் திறந்திருக்கட்டும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வல்ல அல்லாஹ்வைப் போற்றி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் ஓதித் தொடங்குகிறோம். 'சோதனைக் காலத்தில் குடும்ப உறவு' என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. இதனைப் பொதுவாகப் பேசிவிட்டுச் செல்வதைவிட, நம் வீடுகள் பலவற்றிலும் நிகழ்கின்ற ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவது பயன் தரும் என்று கருதுகிறோம். சபர் சென்ற ஒருவர் பொருளிழந்து ஊர் திரும்பும்போது நாம் அவரை எவ்வாறு எதிர்கொள்கிறோம் என்பதே அது.

சபர் என்பது நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து நம் முன்னோர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினர். பினாங்கில் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் தமிழ் முஸ்லிம்கள் சென்ற இடமெல்லாம் முதலில் தொழுகைக்கு ஓரிடம் அமைத்தார்கள் என்பதற்குச் சான்றுகள். பின்னர் 1970-களில் வளைகுடா நாடுகளின் கதவுகள் திறந்தன. நம் பிள்ளைகள் அங்கே சென்றனர்.

செல்பவரை வழியனுப்பும் முறையை நாம் நன்கு அறிவோம். துஆ ஓதுகிறோம், தெருமுனை வரை உடன் செல்கிறோம். பெட்டியோடு திரும்புபவரை வரவேற்கவும் அறிவோம். அத்தரும் கோடாலித் தைலமும் பங்கிடப்படுகிற நாளில் அந்த வீட்டில் உறவுக்குக் குறைவே இருப்பதில்லை. ஆனால் பெட்டியில்லாமல் திரும்புபவர் நிலை என்ன?

அப்படித் திரும்பியோரின் வரலாறும் நீண்டதே. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூன் மீது குண்டு வீசினர். அதன்பின் 1942-இல் இலட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர்; அவர்களுள் பெருந்தொகையினர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். 1964-இல் பர்மிய இராணுவ அரசு கடைகளையும் வணிகத்தையும் நாட்டுடைமையாக்கியது. 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாதவையாக்கியது. தலைமுறைகளாக ஈட்டியதை விட்டுவிட்டு, உடுத்த துணியோடு கப்பலேறியவர் ஏராளம். சென்னையின் பர்மா பஜார் இன்றும் அந்நாள்களின் அடையாளமாக நிற்கிறது.

1990 ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஈராக் படை குவைத்தினுள் நுழைந்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள், பெரும்பாலோர் ஜோர்தானின் அம்மான் நகர் வழியாக, விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். 2011-இல் சவூதி அரேபியா கொண்டுவந்த 'நிதாகத்' திட்டத்தாலும் பலர் வேலையிழந்தனர். 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது மே 7 முதல் சிறப்பு விமானங்களில் திரும்பியோருள் எத்தனையோ பேர் மீண்டும் செல்ல வழியின்றித் தங்கிவிட்டனர்.

இவற்றுள் எதிலும் திரும்பியவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும் வீட்டில் நிகழ்வது என்ன? முதல் வாரம் அனுதாபம். அடுத்த மாதம் கேள்விகள். ஆறாம் மாதம் ஏளனம். அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய மனை யார் பெயரில் இருக்கிறது என்ற பேச்சு எழுகிறது. விசாவுக்காக அடகு வைத்த மச்சியின் நகை பற்றிய வாக்குவாதம் எழுகிறது. அண்ணன் தம்பியிடையே ஸலாம் நின்றுவிடுகிறது. பெற்ற தாய் இருவருக்கும் நடுவே உண்ணாமல் அமர்ந்திருக்கிறாள். சோதனை வந்தது வெளிநாட்டில். உறவு முறிந்ததோ நம் நடுவீட்டில்.

சகோதரர்களே! கி.பி. 610-இல் ஹிரா குகையில் முதல் வஹீ அருளப்பட்டபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நடுங்கியவர்களாக இல்லம் திரும்பினார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் எடுத்த எடுப்பில் கேள்வி எதுவும் கேட்கவில்லை; போர்வையால் போர்த்தினார்கள். நடந்ததைக் கேட்டறிந்தபின் சொன்ன ஆறுதலில், அல்லாஹ் தம் கணவரை ஒருபோதும் இழிவுபடுத்தமாட்டான் என்றார்கள். அதற்குக் காரணமாக அன்னையார் முதலில் எடுத்துரைத்ததே அவர்கள் உறவைச் சேர்த்து நடப்பவர்கள் என்பதுதான். பிறகு தம் உறவினரான அறிஞர் வரகா பின் நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். முதலில் போர்வை, பின்பு ஆறுதல், அதன்பின் ஆலோசனை. இந்த வரிசை நம் வீடுகளில் தலைகீழாகிவிடுகிறது. ஆலோசனை முதலில் வருகிறது, போர்வை வருவதேயில்லை.

திரும்பி வருபவருக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. மக்காவில் அனைத்தையும் விட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள் அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள். அப்துர் ரஹ்மான் அவர்களோ, அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்று கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய வணிகம் பின்னர் பெருகியது. கொடுப்பவர் பாதியைக் கொடுக்க மனம் கொண்டார். பெறுபவர் உழைக்க வழி கேட்டார். இருபக்கமும் கண்ணியம் காக்கப்பட்டது. வெளிநாட்டில் மேலாளராக இருந்தவர் உள்ளூரில் சிறு கடை வைப்பது இழிவு என்று நினைக்கலாகாது. அவர் கடை வைத்தால், அங்கே சென்று பொருள் வாங்குவது ஜமாஅத்தார்களாகிய நம் பொறுப்பு.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவர் சபரில் இருந்த ஆண்டுகளில் பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் மருத்துவம், கடன், கல்யாணம் அனைத்தையும் சுமந்தவர் மனைவி. திரும்பி வந்தவர் ஒரே நாளில் அவரை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் தம் கையில் எடுத்துக்கொள்வது நியாயமன்று. இருவரும் கலந்து பேசி நடத்துவதே இனிய இல்லறம். தந்தையைத் தொலைபேசிக் குரலாகவே அறிந்த பிள்ளைகள் நெருங்கி வரச் சில காலம் ஆகும். அதற்குப் பொறுமை வேண்டும்.

இனி நடைமுறைக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, குடும்பத்திற்குள்ளும் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282-ஆம் வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியே பேசுகிறது. அண்ணனிடம் எழுதி வாங்குவது சந்தேகமன்று, உறவுக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்குமாறு அதே அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் பணிக்கிறது. பள்ளிவாசல் வாசலில் வைத்துக் கடனைக் கேட்டு ஒருவரைத் தலைகுனிய வைக்காதீர்கள்.

மூன்றாவது, ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடனாளிகளும் உள்ளனர். தகுதியுள்ள உறவினருக்குக் கொடுப்பதில் தர்மத்தின் நன்மையும் உறவைப் பேணிய நன்மையும் உண்டு என நபிமொழி அறிவிக்கிறது. ஆனால் பெற்றோரையும் மனைவி மக்களையும் காப்பது ஸகாத்தில் சேராது. அது நம் கடமை.

நான்காவது, திரும்பி வந்த சகோதரர்களுக்கு: கூச்சப்பட்டு ஜமாஅத்தை விட்டு ஒதுங்காதீர்கள். தொழுகையின் ஸஃப்பில் சபராளிக்கென்று தனி இடமில்லை. நஷ்டப்பட்டவருக்கென்று கடைசி வரிசையும் இல்லை.

நிறைவாக, நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவூட்டுகிறோம். உடன்பிறந்தோர் அவர்களைக் கிணற்றில் தள்ளினர். காலம் மாறி, அதே சகோதரர்கள் பஞ்சத்தால் வாடித் தானியம் கேட்டு எகிப்தில் அவர்கள் முன் நின்றனர். யூசுப் (அலை) அவர்கள் பழிக்கவில்லை, மன்னித்தார்கள். குடும்பம் முழுவதும் ஒன்றுகூடிய நாளில் அல்லாஹ்வின் அருளை எடுத்துரைத்தபோது, தம்மைச் சிறையிலிருந்து விடுவித்ததைக் குறிப்பிட்டார்கள், கிணற்றைக் குறிப்பிடவேயில்லை. கூடியிருந்த சகோதரர்கள் நாணக்கூடாது என்பதற்காகவே அதைத் தவிர்த்தார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். நம் வீடுகளிலும் சொல்லாமல் விடவேண்டிய கிணறுகள் உண்டு. வீடு திரும்பிய தம்பியிடம் "அன்றைக்கே சொன்னேனே" என்று சொல்லாமல் விடுவதும் உறவைப் பேணுவதுதான்.

யா அல்லாஹ்! சபரில் உள்ள எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! இழந்து திரும்பியோருக்கு ஹலாலான வாழ்வாதாரத்தைத் தருவாயாக! பேச்சற்றுப் பிரிந்து நிற்கும் உறவுகளை ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.