பணியாளின் கண்



இராயபுரத்தின் கல்லறைச் சாலையை அறியாதவர் இம்மன்றத்தில் இருக்க இயலாது. 1952 ஆகஸ்ட் 28 அன்று, சைனா பஜாரில் ஜெம் அண்ட் கம்பெனிக் கடையை ஒட்டி வணிகம் செய்துவந்த ஆளவந்தார், அச்சாலையிலிருந்த ஒரு வீட்டில் உயிரிழந்தார். மறுநாள், தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த போட் மெயிலில், கேட்பாரற்ற பெட்டியொன்று நாற்றமெடுப்பதாகப் பயணிகள் முறையிட்டனர். மானாமதுரையில் அது திறக்கப்பட்டபோது தலையற்ற உடல் வெளிப்பட்டது. தலையோ இராயபுரம் கடற்கரையில் அகப்பட்டது. ஒரே மனிதன் முந்நூறு மைலுக்கு மேற்பட்ட இடைவெளியில் இரு கூறாகக் கிடந்தான்.

அவ்விரு கூறுகளையும் ஒருவரெனச் சேர்த்துக் காட்டியது சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவம். படைப்பணியில் இருந்த காலத்தில் ஆளவந்தாரிடம் எடுக்கப்பட்ட கைரேகையும் துணைநின்றது. அரசுத் தரப்பில் வாதாடியவர் கோவிந்த் சுவாமிநாதன். நடுவராக அமர்ந்தவர் ஆங்கிலத்தில் நாவல்களும் நாடகங்களும் எழுதிய ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர். எழுத்தாளர் ஒருவர் முன் இப்படியொரு கதை வந்து சேர்ந்ததும் வியப்புத்தான். 1953 ஆகஸ்ட் 13இல் பிரபாகர மேனனுக்கு ஏழாண்டும், அவர் மனைவி தேவகிக்கு மூன்றாண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டன.

மருத்துவர், வழக்கறிஞர், நீதிபதி என எல்லோரும் வரலாற்றில் நின்றுவிட்டனர். அவ்வீட்டில் ஏவல் செய்துவந்த சிறுவன் மட்டும் சாட்சிகளின் வரிசையில் ஒருவனாகக் கரைந்துபோனான். ஆயினும் மற்றவர் வருமுன்பே அவ்வீட்டின் நாள்முறையை அறிந்தவன் அவனே. வாசலில் எவருடைய செருப்பு கிடக்கிறது, எந்தக் கதவு வழக்கத்துக்கு மாறாகத் தாழிடப்பட்டிருக்கிறது, தன்னை எதற்காகக் கடைக்கு அனுப்புகிறார்கள் என்பனவற்றைப் பணியாள் கவனிப்பது ஆர்வத்தினால் அன்று. அதுவே அவன் பிழைப்பு. எசமானரின் முகக்குறிப்பை ஓயாமல் படித்துக்கொண்டிருப்பவனுக்குத் துப்பறியும் கலையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

போட் மெயிலின் தடத்திலேயே கடல் கடந்து சென்றால் கொழும்பு. அங்கே 1951 அக்டோபர் 9இல், புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் மனைவி பம்பலப்பிட்டியிலுள்ள தம் இல்லத்தில் கொலையுண்டு கிடந்தார். கணவர் கைதானார். அவ்வீட்டில் வேலைக்குச் சேர்ந்து சில நாள்களே ஆகியிருந்த இளைஞன் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியானான். கொலை செய்தவர் எசமானரே என்றான். கொல்வின் ஆர். டி சில்வா தலைமையிலான எதிர்த்தரப்போ, கொன்றவன் அவனே என்று வாதாடியது. எடின்பரோவிலிருந்து சர் சிட்னி ஸ்மித் வந்து மரணம் நேர்ந்த பொழுதைப் பற்றிச் சான்றுரைத்தார். 1953 ஜூன் 25இல் சதாசிவம் விடுதலையானார். அறிந்தவனே ஐயத்துக்கும் உரியவன்: பணியாளின் அறிவுக்கு உலகம் கொடுக்கும் விலை இதுதான்.

புனைகதை இவ்வகையில் சற்றுத் தாராளமானது. வில்கி காலின்ஸ் 1868இல் வெளியிட்ட 'மூன்ஸ்டோன்' நாவலின் வைரம், 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளைபோனது. இங்கிலாந்து மாளிகையொன்றில் அது மீண்டும் களவாடப்படுகிறது. முதிய பணியாளர் பெட்டரெட்ஜைத் 'துப்பறியும் காய்ச்சல்' பிடித்துக்கொள்கிறது. அவரே கதையின் பெரும்பகுதியைச் சொல்கிறார். ஆனால் உண்மையின் நுனியை முதலில் தொட்டவள் ரோசன்னா என்னும் பணிப்பெண். இரவு உடுப்பில் ஒட்டியிருந்த வண்ணக்கறையை அவள் கண்டுபிடிக்கிறாள். தான் நேசிக்கும் மனிதரைக் காக்க வேண்டி அதைத் தகரப் பெட்டியில் அடைத்துக் கடலோரப் புதைமணலில் இறக்குகிறாள். அவள் கண்டது மெய். அதிலிருந்து கொண்ட முடிவு பாதி பிழை. இருந்தும் அவள் எழுதிய நீண்ட கடிதத்துக்கு நாவல் இடம் கொடுத்திருக்கிறது. காலின்ஸின் பெருமை வைரத்தில் இல்லை, அக்கடிதத்தில் இருக்கிறது.

தமிழ்த் துப்பறியும் நாவல்களில் இக்கடிதம் அரிது. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தியபடியே புதிரை அவிழ்ப்பார். தேநீரைக் கொண்டுவந்து வைக்கும் கை எதைக் கண்டது என்று எவரும் வினவுவதில்லை. வடசென்னையைப் பாடும் கவிஞர்கள் துறைமுகத்தையும் ஆலைச் சங்கையும் பாடிவிட்டனர். பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கச் செல்லும் இவ்வூர்ப் பெண்கள் அன்றாடம் சுமந்து திரும்பும் மறைபொருள்கள் இன்னும் பாடுபொருளாகவில்லை.

நீதிமன்றத்தில் பணியாள் பேசுவது வினாவுக்கு விடையாக மட்டுமே. கேட்கப்படாத வினாக்கள் கவிதைக்கு உரியன. இராயபுரத்து மணற்பரப்பில் பெரும்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. கரையைக் காக்க இன்று கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. வீட்டுக்காரர் இருவரும் பம்பாய்க்கு ஓடிய பிறகு, அந்தச் சிறுவனின் ஆகஸ்ட் மாதச் சம்பளத்தை யார் கொடுத்திருப்பார்கள்? கவிதையை அங்கிருந்தும் தொடங்கலாம்.