பார்க்கிற ரோஜா, சாப்பிடுகிற ரோஜா

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில், பாகலூர் அருகே பூ விவசாயம் செய்யும் குடும்பத்து மருமகளும் வீட்டு பேக்கரி நடத்துபவருமான சகோதரி பேசியதன் எழுத்து வடிவம்.)

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. உங்களில் பாதிப் பேருக்கு என்னை "கேக் அக்கா" என்றுதான் தெரியும். கேட்டில் செக்யூரிட்டி அண்ணனிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகிறவள். "தோட்டமும் பார்த்துக்கிட்டு அடுப்பும் பார்க்கறீங்களே, ஒரு வருஷம் எப்படிம்மா போகுது?" என்று செயலாளர் சார் கேட்டார். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

என் மாமனாருக்கு ஒரு ஏக்கரில் பாலி ஹவுஸ். அதில் தாஜ்மகால் ரகச் சிவப்பு ரோஜா. வெளியே அரை ஏக்கரில் சாமந்தியும் செண்டுமல்லியும். பேக்கரி 2020-இல் வந்தது. மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, லாரி இல்லை. ஆனால் செடிக்கு ஊரடங்கு தெரியாது. தினமும் பூத்தது, தினமும் பறித்துக் குழியில் கொட்டினோம். பறிக்காமல் விட்டால் செடி கெட்டுவிடும். அந்த நாளில்தான் தெரிந்தவர்கள் இரண்டு பேர் "பிரெட் கிடைக்குமா?" என்று போன் செய்தார்கள். வீட்டிலிருந்த சின்ன ஓவனில் ஆரம்பித்தேன். அன்று பூ கைவிட்டபோது மாவு காப்பாற்றியது.

எங்கள் வருஷம் டிசம்பர் கடைசியில் கத்தரிக்கோலோடு தொடங்கும். பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டுமென்றால் ஏறக்குறைய ஏழு வாரம் முன்பே கவாத்து செய்ய வேண்டும். ஒரு வாரம் பிந்தினால், பூக்கும்போது காதலர் தினம் முடிந்திருக்கும். ஜனவரிக் குளிர் கூடினாலும் மொட்டு பிந்தும். மொட்டுக்கு வலைத் தொப்பி போட்டு, காம்பு நீளம் பார்த்துத் தரம் பிரித்து, இருபது பூவாகக் கட்டி, குளிர் அறையில் வைப்போம். அதே வாரத்தில்தான் எனக்கும் கேக் ஆர்டர் குவியும். ஒரு வருஷம் இரண்டையும் இழுத்துப் போட்டுச் செய்து, இரண்டையும் கெடுத்தேன். அதிலிருந்து பிப்ரவரியில் பத்து நாள் ஓவனுக்கு விடுமுறை. "இல்லை" என்று நான் சொல்லும்போது கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மார்ச்சில் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர் வரும், பூ போகும். அப்புறம் வெயில். செஞ்சிலந்தி, இலைப்பேன் எல்லாம் வரும்.

ஆடியில் நம் பக்கம் கல்யாணம் இல்லை, விலை விழும். ஆனால் எல்லையில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. கர்நாடகத்தில் ஆஷாடம் நம் ஆடிக்கு முன்பே தொடங்கி முன்பே முடிந்துவிடும். அங்கே சிராவணம் பிறந்து வரமகாலட்சுமி விரதம் வரும்போது இங்கே பல வருஷம் ஆடியே முடிந்திருக்காது. நம் ஊரில் கேட்பாரில்லாத பூவுக்கு பெங்களூரில் ஆள் காத்திருப்பார்கள். இரண்டு காலண்டரும் எங்கள் சுவரில் தொங்குவது அதனால்தான்.

ஆயுத பூஜை எங்களுக்குத் தீபாவளியைவிடப் பெரியது. ஓசூரில் அத்தனை தொழிற்சாலை, அத்தனை மிஷின், அத்தனை லாரி. எல்லாவற்றுக்கும் மாலை வேண்டும். அரை ஏக்கர் சாமந்தி அந்த ஒரு வாரத்துக்காகத்தான். மார்கழியில் கல்யாணம் நின்று பூ இறங்கும்போது, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று ஓவன் ஏறும். அந்தக் குளிரில் பிரெட் மாவு பொங்க நேரமாகும். அடுப்புப் பக்கத்தில் போர்வை சுற்றி வைப்பேன், பிள்ளையைப் போல.

இப்போது சொல்ல வந்த விஷயம். போன வருஷம் ஒரு குடும்பம் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு இரண்டு அடுக்கு கேக் கேட்டார்கள். "உங்க தோட்டத்து ரோஜாவையே மேலே வையுங்க" என்றார்கள். எனக்கும் சந்தோஷம், பெரிய ஆர்டர். காலையில் பூ எடுக்கப் போனேன். மாமா கூடையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம்தாம்மா மருந்து அடிச்சிருக்கேன். இதைத் திங்கற பொருள் மேல வைக்காதே."

"கழுவிட்டு வைக்கறேன் மாமா."

"சில மருந்து செடிக்குள்ளயே போயிடும்மா. கழுவினா எப்படிப் போகும்?"

அவர் சொன்னது சரி. மார்க்கெட் ரோஜா பார்ப்பதற்காக வளர்க்கிற பூ. பனிக்காலத்தில் பூஞ்சணத்துக்கு, வெயிலில் சிலந்திக்கு என்று வருஷம் முழுக்க மருந்து உண்டு. பாலி ஹவுஸ் கூரைக்குள் மழைகூட அதைக் கழுவுவதில்லை. காய்கறிக்கு மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துப் பறி என்று கணக்கு இருக்கிறது. அலங்காரப் பூவை யாரும் சாப்பிடப் போவதில்லை என்பதால், அந்தக் கணக்கை வைத்து நாங்கள் பறிப்பதில்லை.

அந்த வீட்டுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். கிரீமில் பூ செய்து தருகிறேன் என்றேன். அவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். அன்று முழுக்க மனசு ஆறவில்லை. எங்கள் வீட்டுப் பூவை நானே என் கேக்கில் வைக்க முடியவில்லையே! ஆனால் முதல் துண்டை அந்த ஒரு வயசுக் குழந்தைதானே வாயில் வைத்திருக்கும் என்று நினைத்தேன். தூக்கம் வந்தது.

அதன்பின் வீட்டுக்குப் பின்னால் ஐந்து பன்னீர் ரோஜாச் செடி வைத்தேன். நர்சரியில் ஏற்கெனவே மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் முதல் சில மாதத்துப் பூவைத் தொடவில்லை. இப்போது தொழுஉரமும் வேப்பம்புண்ணாக்கும் மட்டும்தான். பூ கொஞ்சம்தான், இதழில் பூச்சி கடித்த ஓட்டை இருக்கும். என் கேக்கில் வருவது, குல்கந்தில் போடுவது அந்தப் பூ.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். கேக் மேல் நிஜப் பூ கேட்டால், அது எங்கே, எதற்காக வளர்ந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கிரீம் பூவே போதும். மாலையில் வரும் அரளி விஷச்செடி. அது சாப்பாட்டுத் தட்டுப் பக்கமே வரக்கூடாது. நம் பார்க்கில் விளையாடும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். என்னைப் போல வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு கட்டாயம். டப்பாவில் பதினான்கு இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். என் டப்பாவிலும் பாருங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

பிப்ரவரியில் ஒரு கட்டு ரோஜா வாங்குங்கள். ஜாடியில் வையுங்கள், ஆசை தீரப் பாருங்கள். கேக்குக்கு மட்டும் பதினைந்தாம் தேதிக்கு மேல் போன் செய்யுங்கள்.

வாசலில் கேழ்வரகு பிஸ்கட் வைத்திருக்கிறேன். நம் ஊர்க் கேழ்வரகுதான். பிள்ளைகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வாழ்த்துகள்.