வண்ணக்கர்



காசு மாற்றுவாரையும் காசின் தரம் நோக்குவாரையும் நம் கடைத்தெருக்கள் நெடுநாள் 'சராப்பு' என்றே அழைத்தன. அச்சொல் தமிழன்று. அரபு மொழியின் 'சர்ராபு' பாரசீகத்தின் வழியே இந்நாடு புகுந்தது. ஆங்கிலரும் அதனைத் திரித்து வழங்கினர். அங்ஙனமாயின், அச்சொல் வருமுன் தமிழன் காசு மாற்றவில்லையா? உரோமர் பொற்காசு வந்து குவிந்த நாடன்றோ இது!

அயற்காசை மாற்றுவோன் அதன் பொன்னை அறிந்தாக வேண்டும். உரைகல்லில் இழைத்து, படியும் வண்ணங்கொண்டு மாற்றறிந்தான் தமிழன். அவனே வண்ணக்கன். இழிதொழிலாயின் பெயரோடு சேர்த்து வழங்கியிருப்பரா? வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் எனக் கழகப் புலவர் பலர் அப்பெயர் தாங்கினர். பேரிசாத்தனாரோ இப்பாண்டி நாட்டு மன்னன் நன்மாறனிடமே பரிசில் கடாவி நின்றவர் (புறம். 198). பொன்னை உரைத்தவர் மன்னனையும் உரைத்துப் பார்த்தார் போலும்!

'நோட்டம் பார்த்தல்' இன்றும் மக்கள் நாவில் உண்டு. விவிலியத்தைத் தமிழாக்கியோரும் 'காசுக்காரர்' என்றே எழுதினர். பின்னர்ச் 'சராப்பு' எதற்கு? தரங்காண்பாரை வண்ணக்கர் என்றும், மாற்றித் தருவாரைக் காசுமாற்றுநர் என்றும் எழுதுங்கள். அயல்நாட்டுப் பணம் மாற்றும் கடைகளின் பெயர்ப்பலகையிலும் அவ்வாறே எழுதச் செய்யுங்கள்.