மெலிந்த உடலில் மிகுந்த வெம்மை



பருத்த உடலினர்க்கு வெப்பம் பகை; மெலிந்த உடலினர்க்குக் குளிர் பகை. இஃது ஏட்டில் படித்து அறிய வேண்டிய செய்தியன்று. எங்கள் பகுதித் தோட்டங்களில் விடியற்காலையில் பிரட்டுக் களத்தைப் பார்ப்பவர் எவரும் இதனைக் காணலாம். மெலிந்த கிழவியர் கம்பளிக்குள் ஒடுங்கி நிற்பர். சற்றே பருத்த கணக்கப்பிள்ளையோ அந்தப் பனியிலும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அப்படியாயின், பருத்திருந்த ஒருவர் மெலிந்தால் அவருடைய வெக்கை தணிதல் வேண்டுமன்றோ?

ஆனால், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் நாற்பதையும் ஐம்பதையும் கடந்த தாய்மார் சிலரிடமிருந்து இதற்கு நேர்மாறான முறைப்பாட்டைக் கேட்கின்றோம். "உடம்பு நன்றாக இளைத்துவிட்டது, ஆனால் முன்பு இல்லாத வெக்கை இப்போது தாங்க முடியவில்லை, சும்மா இருந்தாலும் வியர்த்துக் கொட்டுகிறது" என்கின்றனர். இம்முறைப்பாட்டைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். நான் மருத்துவம் கற்றவள் அல்லேன். மருத்துவ உலகம் ஐயமின்றி ஒப்புக்கொண்ட செய்திகளையே எளிய தமிழில் எடுத்துரைக்கின்றேன்.

முதலில் நம் மண்ணின் இயல்பை ஒதுக்கி வைத்துவிடுவோம். சப்ரகமுவ மாகாணம் மழை வளம் மிக்கது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் உடலில் அரும்பும் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிரும். உலராமல் வழிந்தோடும் வியர்வையால் பயன் மிகச் சிறிது. எனவே, எஹலியகொடையிலோ தெரணியகலையிலோ இறப்பர் மரங்களுக்கிடையே நின்று வேலை செய்பவர் வியர்ப்பதில் வியப்பொன்றுமில்லை. வியப்புக்குரியது வேறு. அதே லயத்தில், அதே மலையில், அதே வேலை செய்பவர் பலர் இருக்க, சென்ற ஆண்டுவரை அவர்களைப் போலவே இருந்த ஒருத்திக்கு மட்டும் இந்த ஆண்டு வெக்கை மிகுவது ஏன்? வெயிலும் மழையும் இதற்கு விடை கூறமாட்டா.

உணவைக் குறைத்து மெலியும்போது உடல் செய்வது யாது? வரவு குறைந்த குடும்பத் தலைவி செலவைச் சுருக்குவது போல, உடலும் தன் அடுப்பின் தீயைத் தணிக்கின்றது. கழுத்தில் உள்ள தைரொயிட்டுச் சுரப்பியின் இயக்குநீர் குறைகின்றது, நாடி மெதுவாகின்றது, உள்ளே பிறக்கும் வெப்பம் குறைகின்றது. தோலுக்கடியில் போர்வை போலிருந்த கொழுப்பும் கரைந்துவிடுவதால், பிறந்த வெப்பமும் விரைவில் வெளியேறுகின்றது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீய்சு என்னும் அறிஞர் 36 இளைஞர்களை, அவர்களுடைய சம்மதத்துடன், ஆறு மாதகாலம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை இழந்தனர். அவர்களுடைய முறைப்பாடுகளில் முதன்மையான ஒன்று குளிர். கோடைகாலத்திலும் அவர்கள் தடித்த ஆடையையும் மேலதிகப் போர்வையையும் நாடினர்.

ஆகவே, மெலிவுக்கு இயல்பான துணை குளிரே. மெலிவும் வெம்மையும் கைகோத்து வருமாயின், அவ்விரண்டையும் ஒருங்கே அழைத்து வந்த மூன்றாவது ஒன்று உள்ளே இருக்கின்றதா என்று வினவுதல் வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல விலக்கும் உண்டு. நீரிழிவுக்கு அஞ்சியோ மருத்துவர் சொற்கேட்டோ நாள்தோறும் விரைந்து நடந்து எடையைக் குறைத்தவர்க்கு முன்னிலும் விரைவாக வியர்க்கலாம். பயிற்சி பெற்ற உடல் வெப்பத்தை வெளியேற்றுவதில் தேர்ச்சி பெற்றுவிடுகின்றது. அவ்வியர்வை நடையோடு தொடங்கி ஓய்வோடு ஓயும். அதற்காக எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

நடுவயதுப் பெண்கள் வெக்கையைக் கூறியதும் "மாதவிலக்கு நிற்கும் காலம்" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். பெரும்பாலும் அது சரியே. ஐம்பது வயதை ஒட்டி ஈஸ்திரஜன் என்னும் இயக்குநீர் குறையும்போது, மூளையின் அடியில் உடல் வெப்பத்தைக் காக்கும் பகுதி சிறு வெப்ப மாற்றத்தையும் பெரிதாக எண்ணிப் பதறுகின்றது. நெஞ்சிலிருந்து முகத்திற்குத் திடீரெனச் சூடு ஏறும். சில நிமிடங்களில் வியர்த்து அடங்கும். அதன்பின் குளிரும் தோன்றலாம். இது நோயன்று. ஆனால் பலர் அறியாத ஒன்றுண்டு: இந்த மாற்றம் பெண்களை மெலியச் செய்வதில்லை. இக்காலத்தில் இடுப்பும் வயிறும் பருப்பதே பெரும்பான்மை. எடை குறைந்த பெண்களுக்கு இச்சூட்டலை தணிந்ததாகவே ஆய்வுகள் கூறுகின்றன. ஆதலின், எடை தானாகவே குறைந்துகொண்டு வெக்கையும் ஏறுமாயின், எல்லாவற்றையும் வயதின்மேல் சுமத்திவிட்டு இருந்துவிடலாகாது.

இங்கே எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தியின் தாயாரைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன். அவர் இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவர்; வயது நாற்பத்தெட்டு. சற்றே பருத்திருந்த அவர் ஓராண்டுக்குள் மெலிந்தார். லயத்துப் பெண்கள் அவரைப் பாராட்டினார்கள். என்ன மருந்து உண்டாய் என்று கேட்டவர்களும் உண்டு. அவரோ முன்னிலும் மிகுதியாகச் சோறு உண்டார். இரவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசற்படியில் படுத்தார். உடற்சூடு என்று சொல்லி வெந்தயமும் மோரும் இளநீரும் கொடுத்தார்கள். மாதங்கள் கடந்தன.

அவருடைய நோயை முதலில் காட்டிக்கொடுத்தவை மரங்களே. பால் வெட்டுவது மென்மையான தொழில். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி சற்று ஆழ்ந்தாலும் மரம் காயப்பட்டு, அவ்விடத்தில் புதுப்பட்டை செவ்வையாக வளராது. இருபது ஆண்டுகளாக ஒரு மரத்தையும் காயப்படுத்தாத அந்தக் கை, வரிசை வரிசையாக மரங்களைக் காயப்படுத்தத் தொடங்கியது. மேற்பார்வை செய்தவர் கடிந்துகொண்டார். கவனக் குறைவு என்றே எல்லோரும் கருதினர். பாடசாலைக்கு வந்து மகளின் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட்டபோது பேனா நடுங்கியதை நான் கண்டேன். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுமாறு வற்புறுத்தினேன். இரத்தப் பரிசோதனையில் தைரொயிட்டுச் சுரப்பி அளவுக்கு மீறி இயங்குவது தெரிந்தது. மருந்து தொடங்கிச் சில மாதங்களில் கை நடுக்கம் நின்றது. எடையும் திரும்பியது. அது மட்டும் அவருக்குச் சற்று வருத்தமே!

இந்நோயை 1835ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இராபர்ட்டு கிரேவ்சும், 1840ஆம் ஆண்டில் செருமனியில் காரல் பாசெடோவும் விளக்கி எழுதினர். கழுத்தில் வீக்கம், பிதுங்கிய கண்கள், படபடக்கும் நெஞ்சு என்பன அவர்கள் கண்ட அடையாளங்கள். எல்லார்க்கும் மூன்றும் தோன்றுவதில்லை. தீ மிகுந்த அடுப்பு விறகை விரைந்து தின்பது போல, இச்சுரப்பி மிகுந்து இயங்கும்போது உடல் உண்டதையெல்லாம் எரித்துவிடுகின்றது. உண்டும் மெலிவதும், மெலிந்தும் வெம்மையடைவதும் இதனாலேயே. ஆண்களைவிடப் பெண்களையே இது பன்மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. தொடைத் தசைகளும் வலுவிழப்பதால், குந்தியிருந்து எழுவதும் கூடையுடன் மலையேறுவதும் கடினமாகும். கவனிக்காமல் விட்டால் நெஞ்சத்தின் துடிப்பு ஒழுங்கு தவறி உயிருக்கே ஊறு நேரலாம்.

நம் மாகாணத்தார் இதனை அறிந்திருக்க மற்றுமொரு காரணம் உண்டு. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயம் நெடுங்காலமாகக் கண்டக்கழலை மிகுந்த பகுதி. 1980களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வொன்றில், பல மாவட்டங்களின் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்திலொருவருக்குக் கழலை காணப்பட்டது. உணவில் அயடீன் குறைவே இதற்கு முதற்காரணமாகக் கருதப்பட்டு, 1995ஆம் ஆண்டில் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அன்று பள்ளியில் இருந்த சிறுமியர்தாம் இன்று நடுவயதுத் தாய்மார். சிறுவயதில் தோன்றிய கழலை சிலர்க்கு முடிச்சுகளாக நிலைத்துவிடும். அம்முடிச்சுகள் பல்லாண்டுகளின் பின் கட்டுப்பாடின்றித் தாமே இயக்குநீரைப் பொழியத் தொடங்குவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தாசுமேனியாத் தீவில் 1966ஆம் ஆண்டில் பாணில் அயடீன் சேர்த்தபோது, பழைய கழலை உடைய முதியோரிடையே இந்நோய் சிலகாலம் பெருகியது. இதனைக் கேட்டு எவரும் அயடீன் உப்பைக் கைவிட்டுவிடாதீர்கள். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயடீன் இன்றியமையாதது. கழுத்தில் பழைய வீக்கம் உடையவர்கள் அதனை மருத்துவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவே.

இனி, எலும்புருக்கி என்று நம் முன்னோர் ஒரு நோய்க்குப் பெயரிட்டனர். உருக்கும் வெம்மையையும் உருகும் மெலிவையும் ஒரே சொல்லில் அடக்கிய பெயர் அது. காசநோயின் கிருமியை இராபர்ட்டு கொக் கண்டறிந்து அறிவித்தது 1882ஆம் ஆண்டில். நம் மொழியோ அந்நோயின் இரு முகங்களையும் அதற்கு முன்பே கண்டுவிட்டது. இந்நோயின் வியர்வை பெரும்பாலும் இரவில் வரும். மேலாடையும் பாயும் நனையும். மாலையில் இளங்காய்ச்சல் இருக்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆறு மாதம் தவறாது உண்டால் பெரும்பாலோர் முற்றாகக் குணமடைவர். லய அறைகளில் பலர் நெருங்கி வாழும் நிலையில், ஒருவரின் தாமதம் குழந்தைகளையும் பற்றும்.

கண்டறியப்படாத நீரிழிவும் உடலை மெலியச் செய்யும். தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிதலும் அதனைக் காட்டும்.

ஆயினும், முன்பே மருந்து உண்பவர்களைப் பற்றி ஒரு சொல் கூறாமல் இருத்தல் இயலாது. எழுபது கிலோ எடை இருந்தபோது அளந்து கொடுத்த மருந்து, அறுபது கிலோவுக்கு இறங்கிய பின் மிகையாகிவிடலாம். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவு வில்லைகளை உண்பவர் மெலிந்தபின், உணவு வேளை தவறினால் இரத்தத்தில் சீனி மிகத் தாழ்ந்து, பசியும் நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் தோன்றும். அப்போது தாமதியாமல் சீனி கலந்த தேநீரோ இனிப்போ உட்கொள்ள வேண்டும். தைரொட்சின் வில்லை உண்பவர்க்கும் எடை குறைந்தபின் பழைய அளவு மிகுந்து வெக்கையையும் படபடப்பையும் தரக்கூடும். இவற்றைத் தாமாக நிறுத்துவது தவறு. அளவை மீண்டும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்பதே முறை.

தோட்டத்துத் தாய்மார் வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்குவதன் காரணத்தை நான் அறிவேன். ஒரு நாள் போனால் ஒரு பேர் போய்விடும். நகரத்துக்குப் பேருந்துக் கட்டணம் வேறு. "வெக்கைக்குப் போய் ஒரு நாட் சம்பளத்தை இழப்பதா?" என்று கேட்பதில் நியாயம் இருக்கின்றது. பறித்த கொழுந்தை நாளுக்கு இருமுறை மும்முறை நிறுக்கின்றோம்; பறித்தவரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நிறுத்துப் பார்க்கின்றோமா? 35 வயதைக் கடந்த பெண்களுக்கென நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகள் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார். எடையும் இரத்த அழுத்தமும் அங்கே பார்க்கப்படும்.

மருத்துவரிடம் செல்லுமுன் வீட்டிலேயே செய்யக்கூடியன சில உண்டு. காலையில் எழுமுன், படுத்தபடியே மணிக்கட்டில் நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்விலும் நூறைக் கடக்குமாயின் அதனைக் குறித்துக்கொள்ளுங்கள். கைகளை நீட்டி, விரல்களின்மேல் பிள்ளையின் கொப்பித் தாளொன்றை வையுங்கள். சிறு நடுக்கமும் தாளில் பெரிதாகத் தெரியும். எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது, உணவைக் குறைத்ததாலா, உண்டுகொண்டிருக்கும்போதேயா, வியர்ப்பது இரவிலா பகலிலா, மாதவிலக்கு எப்போது நின்றது என்பவற்றை மகளைக்கொண்டு ஒரு தாளில் எழுதுவித்து, உண்ணும் மருந்துகளின் உறைகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. "உடம்பு சூடாக இருக்கிறது, ஐயா" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல் வில்லையோடு திரும்ப நேரலாம். "நன்றாகச் சாப்பிட்டும் ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ இளைத்துவிட்டேன், வெக்கை தாங்க முடியவில்லை, கை நடுங்குகிறது" என்று சொன்னால் அவர் உடனே கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.

தைரொயிட்டு மிகையியக்கத்திற்குக் கார்பிமசோல் என்னும் வில்லை கிடைத்தால், மேலும் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். அதை உண்ணும் காலத்தில் காய்ச்சலோ கடும் தொண்டை வலியோ வந்தால், மிக அரிதாக வெள்ளைக் குருதியணுக்கள் குறைந்திருக்கக்கூடும் ஆதலால், வில்லையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குச் சென்று இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.