ஆசிரியர் ஆண்ட நாடு



ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்த இந்த அறக்கட்டளையில் பேச அழைப்பு வந்ததும், டான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேதான் என் மனத்தில் வந்து நின்றார். நாடாளத் தொடங்கிய பிறகும் மக்கள் அவரை ‘ம்வாலிமு’, அதாவது ஆசிரியர் என்றே அழைத்தார்கள். அவர் சாதித்ததற்கும் சறுக்கியதற்கும் வேர் வகுப்பறையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1922இல் விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே புட்டியாமா என்ற ஊரில், சனாகி என்னும் சிறிய இனக்குழுவின் தலைவருக்கு மகனாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்தை மிதித்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. மகெரேரே கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி, தபோராவில் மிஷன் பள்ளி வேலை, எடின்பரோவில் முதுகலைப் பட்டம், திரும்பி வந்து தாருஸ்ஸலாமுக்கு அருகே புகுவில் மறுபடியும் ஆசிரியர் வேலை. 1954இல் அவர் தலைமையில் விடுதலைக்காகப் போராடும் டான்யூ கட்சி பிறந்தது. மறு ஆண்டே, வேலையா அரசியலா என்ற கேள்வி எழுந்தபோது வேலையை விட்டார். 1961 டிசம்பரில், பின்னாளில் டான்சானியாவின் பகுதியான டாங்கனீக்கா விடுதலை பெற்றது. பிரதமராக இருந்த அவர் அதன்பின் ஆறே வாரத்தில் பதவி விலகிக் கட்சிப் பணிக்குப் போய்விட்டார். 1962 முடிவதற்குள் குடியரசுத் தலைவராகத் திரும்பினார்.

1966 அக்டோபரில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். படித்து முடிப்பவர்கள் இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்ய வேண்டும், அதில் பெரும்பகுதிக் காலம் சம்பளத்தில் நாற்பது விழுக்காடு மட்டுமே கிடைக்கும் என்று அரசு அறிவித்திருந்தது. பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் ஊர்வலமாக அவர் மாளிகைக்கே வந்தார்கள். காலனி ஆட்சியே மேல் என்றது ஒருவர் பிடித்திருந்த அட்டை. நைரேரே கொதித்துப் போனார். மாணவர்கள் கேட்பது சம்பளம்தானே என்று தம் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை அங்கேயே வெட்டினார். ஏறக்குறைய நானூறு மாணவர்களை ஊருக்கு அனுப்பினார். அவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆண்டு திரும்பச் சேர்க்கப்பட்டார்கள்.

ஏழை உழவரின் வரியில் படித்தவன் அந்த உழவரைவிட்டு விலகிப் போகிறான் என்ற ஆற்றாமை அவரை விடவில்லை. சில மாதங்களிலேயே, 1967 பிப்ரவரியில், சோசலிசமும் தற்சார்புமே நாட்டின் வழி என்று அறிவித்த அருஷா பிரகடனம். மார்ச்சில் தற்சார்புக் கல்வி பற்றிய அவருடைய கொள்கை ஏடு. மேல்நிலைப் பள்ளிக்குப் போகப்போகிறவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்காக மற்ற எல்லாக் குழந்தைகளும் ஏழு ஆண்டு படிப்பதா என்று கேட்டார். தொடக்கப் பள்ளி தன்னளவில் முழுமையான கல்வி தர வேண்டும், ஒவ்வொரு பள்ளியோடும் ஒரு தோட்டமோ பண்ணையோ இருக்க வேண்டும் என்றார். ஆசிரியராக இருந்த ஒருவரால்தான் இதை இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்க முடியும். கல்வியைப் பற்றி ஓர் ஆட்சித் தலைவர் எழுதியவற்றில் இதற்கு இணையாக நான் வேறொன்றைப் படித்ததில்லை.

அதே ஆசிரியர் மனம்தான் அவரைத் தவறவும் விட்டது. சிதறிக் கிடந்த குடும்பங்கள் ஒரே கிராமமாகக் கூடினால் பள்ளியும் மருந்தகமும் குடிநீரும் தரலாம் என்று பல ஆண்டு எடுத்துச் சொன்னார். மக்கள் நத்தை வேகத்தில்தான் வந்தார்கள். 1973 முடிவில் அது கட்டாயமாயிற்று. போக மறுத்தவர்களின் வீடுகள் பல இடங்களில் இடிக்கப்பட்டன, கொளுத்தவும் பட்டன. விளைநிலம் ஓரிடம், வீடு ஓரிடம் என்றானது, விளைச்சலும் அடிவாங்கியது. பாடம் ஏறவில்லை என்பதற்காகப் பிரம்பை எடுத்ததை அவர்மீது நான் கொண்ட மதிப்பால் மறைக்கக் கூடாது.

ஆனாலும் 1970களில் முதியோர் இலட்சக்கணக்கில் எழுத்தறிவு வகுப்புகளுக்கு வந்தார்கள். 1977இல் எல்லோருக்கும் தொடக்கக் கல்வி என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் போதாமல், ஏழாம் வகுப்பு முடித்த இளைஞர்களையே பயிற்சி தந்து வகுப்புக்கு அனுப்பினார்கள். கல்வித் தரம் குறைந்தது உண்மை. அதற்காகக் குழந்தைகளை வெளியே நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1985இல் தாமாகவே குடியரசுத் தலைவர் பதவியை விட்டார். 1995இல் இந்தியா தன் முதல் காந்தி அமைதிப் பரிசை அவருக்கு வழங்கியது. 1999 அக்டோபரில் இலண்டனில் மறைந்தார். அவர் காலத்தில் நீக்கப்பட்ட பள்ளிக் கட்டணம் அதற்குள் திரும்ப வந்திருந்தது. ஏழைக் குழந்தைகள் பலர் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் டான்சானிய அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை மீண்டும் நீக்கியது. குழந்தைகள் இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். உட்கார பெஞ்சு போதவில்லை.