9999 இன் 1: யாரும் சேர்க்காத கேசட்டுகள்

போன எபிசோட் டேட்டாபேஸ் இண்டெக்ஸிங் பத்தி. அதுல பேச்சுவாக்குல என் கேம் கேசட் கலெக்‌ஷனைப் பத்தி ஒரு வரி சொன்னேன். இண்டெக்ஸிங்குக்கு வந்ததைவிட அதுக்குத்தான் அதிக மெசேஜ். (சிரிப்பு) சரி, இன்னிக்கு முழுக்க அதுதான்.

முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்வி. "ப்ரோ, எமுலேட்டர்ல எல்லாமே கிடைக்குதே, எதுக்கு வீட்டுல இதை அடைச்சு வெச்சிருக்கீங்க?" நியாயமான கேள்வி. 1985ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழு கேமே 40 கேபிதான். ஃபேமிலி குரூப்புல தினமும் காலையில வர்ற குட் மார்னிங் படம் அதைவிடப் பெருசு. இடம் மிச்சம் பண்ண, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வெச்சு கலரை மட்டும் மாத்தியிருப்பாங்க. அந்த 40 கேபி உலகம் பூரா லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்ல இருக்கு. மாரியோவை நான் காப்பாத்த வேண்டிய அவசியம் இல்ல.

என்கிட்ட இருக்கிறது 43 கேசட். அதுல ஒரிஜினல் வெறும் ஆறு. மீதி 37ம் நம்ம ஊர்ல "டிவி கேம்"னு வித்த மெஷின்களோட மஞ்சள், கறுப்பு கேசட்டுகள். கலெக்டர்கள் மதிப்புல அதெல்லாம் பூஜ்யம். யாரும் சீண்ட மாட்டாங்க. எனக்கு அதுதான் விஷயமே.

கொஞ்சம் பின்னணி. நிண்டெண்டோ 1983 ஜூலையில ஜப்பான்ல ஃபேமிகாம் விட்டாங்க. பிறகு அமெரிக்காவுக்குப் போன என்இஎஸ் மெஷின்ல, அனுமதி இல்லாத கேசட்டைத் தடுக்க ஒரு பூட்டு சிப் வெச்சாங்க. ஃபேமிகாம்ல அது கிடையாது. அதனால காப்பி அடிக்கிறவங்களுக்கு அதுதான் வசதி. போகப்போக மொத்த மெஷினையும் ஒரே சிப்புக்குள்ள சுருக்கிட்டாங்க. அதுதான் டெர்மினேட்டர், லிட்டில் மாஸ்டர்னு விதவிதமான பேர்ல இங்க வந்துச்சு. பர்மா பஜார்லயும் ரிச்சி ஸ்ட்ரீட்லயும் அப்பா கையைப் பிடிச்சு இழுத்து வாங்கினவங்க இதைக் கேட்டுட்டு இருப்பீங்க. நாம வாங்கினது நிண்டெண்டோ இல்லைன்னு நமக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம்.

இப்ப அந்த "9999 இன் 1". போட்டதும் கடற்கரை, பறவை பறக்கும், லிஸ்ட் ஓடும். உள்ள உண்மையில இருக்கிறது சில டஜன் கேம், சிலதுல ஏழெட்டுதான். மீதி எல்லாம் ரிப்பீட். ஆனா அந்த ரிப்பீட் எப்படி நடக்குதுன்னு பார்த்தா ஒரு இன்ஜினியரா எனக்கு மரியாதை வருது. மெனு ப்ரோக்ராம், நீங்க தேர்ந்தெடுத்த நம்பரைப் பொறுத்து மெமரியில ஒரு குறிப்பிட்ட இடத்துல வேற மதிப்பை எழுதிட்டு கேமுக்குள்ள குதிக்கும். அந்த இடத்துல எழுதினது லெவல் நம்பர்னா, கேம் மூணாவது ஸ்டேஜ்ல ஆரம்பிக்கும். துப்பாக்கியோட வகைன்னா, கையில வேற துப்பாக்கி இருக்கும். மெஷினோட மொத்த ரேமே 2 கேபி. சோர்ஸ் கோட் இல்லாம, மத்தவங்க எழுதின அசெம்ப்ளியைத் தோண்டி, இந்த பைட்தான் லெவல்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ஏமாத்து வேலைதான். அதுக்குப் பின்னாடி நல்ல வேலை தெரிஞ்ச ஒரு ஆள் இருந்திருக்கார்.

அடுத்தது டேங்க் கேம். நாம்கோ 1985ல விட்ட ஒரிஜினல் பேட்டில் சிட்டியில டேங்க் தண்ணியில போகாது. நம்ம ஊர்ல ஆடின சில வெர்ஷன்ல ஒரு படகு வரும். அதை எடுத்தா தண்ணியைத் தாண்டலாம். அந்தப் படகு நாம்கோ வெச்சது இல்ல. யாரோ மாத்தி எழுதினது. கிரெடிட்ஸ்ல பேர் இல்ல. ஒரு தலைமுறைப் பசங்களுக்கு டேங்க் கேம்னாலே அந்தப் படகுதான். கேம் வரலாற்றுப் பாதுகாப்புல இருக்கிற ஒரு அமெரிக்க அமைப்பு 2023ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அங்க 2010க்கு முன்னாடி வெளியான கேம்கள்ல 87 சதவீதம் இன்னிக்குக் கடையில வாங்கக் கிடைக்காதாம். முறையா பேர் போட்டு வித்த கேம்களோட கதியே இது. கணக்குலயே வராத நம்ம கேசட்டை யார் தேடப் போறாங்க?

அதனால ஒவ்வொண்ணா ரீடர்ல மாட்டி, உள்ளே இருக்கிறதை ஃபைலா எடுத்து வெச்சுட்டு இருக்கேன். இதுவரைக்கும் 22 முடிஞ்சுது. ஆறு கேசட் படிக்கவே இல்ல. திறந்து பார்த்தா சிப்புக்குப் பதிலா ஒரு கறுப்புப் பிசின் பொட்டு. அதுக்குள்ள இருக்கிற முடி மாதிரி கம்பி அறுந்துச்சுன்னா ரிப்பேருக்கு வழியே கிடையாது. தொடர்பு முனையில பச்சை பிடிச்சதா இருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சா பெரும்பாலும் உயிர் வந்துடும். அப்புறம் தயவு செஞ்சு வாயால ஊதாதீங்க. எச்சில் ஈரம் பட்டு முனை இன்னும் அரிக்கும். ஊதினா வேலை செஞ்சுதேன்னு கேப்பீங்க. கழட்டித் திரும்பச் சொருகினதுதான் வேலை செஞ்சிருக்கு.

ஃபைலா எடுக்க முடியாதது ஒண்ணு இருக்கு. வாத்து சுடுற கேம், டக் ஹன்ட். அந்தத் துப்பாக்கியில இருந்து எதுவும் வெளிய போகாது. உள்ள ஒளியை உணர்ற ஒரு சென்சார் இருக்கு. நீங்க ட்ரிக்கரை அமுக்கினதும் கேம் ஒரு கணம் திரையை முழுக்கக் கறுப்பாக்கும், அடுத்து வாத்து இருந்த இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். கறுப்புக்கு அப்புறம் வெள்ளை தெரிஞ்சா வாத்து விழும். முதல்ல கறுப்பு எதுக்குன்னா, பல்பைப் பார்த்து சுட்டு ஏமாத்தக் கூடாதே! இதெல்லாம் ஒண்ணு ரெண்டு ஃப்ரேம்ல நடக்கும். எல்சிடி டிவி படத்தை வாங்கி, பெருசாக்கிக் காட்டுறதுக்குள்ள அந்தக் கணம் போயிடும். அதனால இந்தத் துப்பாக்கிக்குப் பழைய பிக்சர் டியூப் டிவிதான் வேணும்.

என் டிவி எதுன்னு யூகிச்சிருப்பீங்க. 2006 தேர்தலுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச கலர் டிவி. 14 இன்ச். சித்தி வீட்டுப் பரண்ல இருந்து இறக்கினது. தூசி தட்டிப் போட்டதும் படம் வந்துச்சு. இப்ப ஆறு மாசமா மேல ஒரு விரக்கடைக்குப் படம் மடங்குது. எங்க ஏரியாவுல டியூப் டிவி பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒருத்தர்தான் மிச்சம். "தம்பி, இது கெப்பாசிட்டர்தான், மாத்திடலாம். எல்ஓடி போச்சுன்னா மட்டும் என்கிட்ட வராத, ஸ்பேர் கிடையாது"ன்னுட்டார்.

இன்னும் ஒண்ணு, ஒரிஜினல் ஆறுல ஒண்ணு: போக்கிமான் கோல்ட், செகண்ட் ஹேண்ட். சேவ் ஃபைலை உயிரோட வெச்சிருக்கிறது உள்ள இருக்கிற ஒரு சின்ன பேட்டரி. அதே பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டுது, அதனால சீக்கிரம் தீரும். போட்டுப் பார்த்தா பழைய ஓனரோட சேவ் அப்படியே இருக்கு. 112 மணி நேரம் ஆடியிருக்கு அந்தக் குழந்தை. பார்ட்டியில முதல் இடத்துல, வேற யாரும் வெச்சுக்க மாட்டாத ஒரு மேஜிகார்ப். லெவல் நூறு. எதுக்குன்னு எனக்குப் புரியல. (சிரிப்பு) பேட்டரியை மாத்தினா சேவ் அழிஞ்சுடும், மாத்தலேன்னா தானா அழியும். ஆகவே முதல்ல சேவை ரீடர்ல எடுத்து ரெண்டு இடத்துல வெச்சேன், பேட்டரியை மாத்தினேன், திரும்ப எழுதினேன். மேஜிகார்ப் பத்திரம். அந்தப் பையனோ பொண்ணோ இப்ப என் வயசுல எங்கேயோ இருக்கணும்.

வீட்டை வெள்ளையடிக்கும்போது பரண்ல இந்த மாதிரி கேசட் கிடைச்சா காயலான் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. லேபிள் கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. குறிப்பா டேங்க் கேம்ல படகு வருதான்னு பாருங்க. படிக்காத அந்த ஆறுல ரெண்டு படகு வெர்ஷன்னு நினைக்கிறேன், லேபிளை வெச்சுத்தான் சொல்றேன். அடுத்த வாரம் மறுபடி டேட்டாபேஸ்தான்.