பொய்க் கணக்கு எழுதும் படிப்பு
(ஆம்பூரில் புது மாணவர்களிடையே பேசியது)



இவ்வருஷம் காலேஜில் புதிதாய்ச் சேர்ந்திருக்கும் உங்கள் முன் நம்மைப் பேசச் சொன்னது கொஞ்சம் வேடிக்கைதான். நாம் காலேஜ் வாசற்படி மிதித்தவரல்ல. படித்ததெல்லாம் வாசகசாலைப் பெஞ்சிலும், இரவல் புஸ்தகத்திலும்தான். என்றாலும் ஒரு சங்கதி சொல்ல அது போதும்.

உங்களில் அநேகருடைய தகப்பனார் தோல் ஷாப்பில் வேலை செய்கின்றவர்; தாயார் ஷூ கம்பெனிக்குப் போகின்றவர். குடும்பத்தில் முதன்முதல் காலேஜுக்குப் போகின்றவர் நீங்களே. அப்படிப் போன உங்களுக்கு அங்கே மூத்த மாணவர்கள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் என்ன? "சோதனையெல்லாம் எதற்கு? போன வருஷத்து ரெக்கார்டு நோட்டு இருக்கிறது, அளவை அப்படியே எழுதிக்கொள்" என்பதுதானே! கட்டுரைக்கு இப்போது ஜெராக்ஸ் கடைகூட வேண்டியதில்லை. செல்போனில் கேட்டால் செயற்கை அறிவு எழுதிக் கொடுத்து விடுகிறது. ஆயுத பூஜையன்று பேனாவுக்குச் சந்தனம் பூசுகிறவனே பரீட்சையன்று சட்டைக் கைக்குள் பிட்டு மடித்து வைத்துக் கொள்ளுகிறான். சரஸ்வதியிடம் அவனுக்குள்ள நம்பிக்கை அவ்வளவுதான்!

அர்த்தம் தெரியாமல் மந்திரம் ஒப்பிக்கிறவனை நாம் கேலி செய்கின்றோம். அர்த்தம் தெரியாமல் கட்டுரை எழுதிக் கொடுக்கிறவன் அவனுக்கு எந்த விதத்தில் உயர்ந்தவன்? பிறர் சொன்னதை எடுத்தாள்வது குற்றமல்ல. யார் சொன்னது, எந்தப் புஸ்தகத்தில் என்று காட்டாமல் தன்னுடையதென்று நீட்டுவதே குற்றம். செயற்கை அறிவோ இல்லாத புஸ்தகத்தையும் இருப்பதாய்ச் சொல்லக் கூடியது. ஆசிரியர் அனுமதித்த மட்டும் கேளுங்கள், கேட்டதை மறைக்காதீர்கள்.

ஆராய்ச்சி ஏட்டில் 60 சதவிகிதத்துக்கு மேல் திருட்டு இருந்தால் பதிவையே ரத்துச் செய்ய யு.ஜி.சி. 2018-இல் விதி போட்டிருக்கிறது. ஆனால் நாம் தண்டனைக்குப் பயந்து இதைச் சொல்ல வரவில்லை.

பாலாற்றைப் பாருங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் சுப்ரீம் கோர்ட்டார் தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்றென்ற கணக்கு அத்தீர்ப்பில் இருக்கிறது. அது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்கு. குடியானவன் எத்தனையோ வருஷம் அழுதான். அழுகைக்குப் பக்கத்தில் அந்த எண்ணும் வேண்டியிருந்தது. அதை எடுத்தவர்கள் பழைய நோட்டைப் பார்த்து எழுதிப் பழகினவர்களாயிருந்தால் நம் கதி என்ன?

நாளைக்குக் கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தில் உங்களுக்கே கெமிஸ்ட் வேலை கிடைக்கும். "குரோமியம் சரியாயிருக்கிறதென்று எழுதிவிடு" என்பார் முதலாளி. முதல் வருஷத்திலேயே பழகின கை அப்போது தயங்குமா? அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போவது உங்கள் தாயாரல்லவா?

நிற்க. "மறுமதிப்பீட்டில் காசு வாங்கி மார்க்குப் போட்டதாக அண்ணா பல்கலைக்கழகத்தார் சிலர் மேலேயே 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது, 2019-இல் நீட் பரீட்சையில் ஆள்மாறாட்டம் பிடிபட்டது. அப்படியிருக்க ஏழை மட்டும் ஏன் யோக்கியனாயிருக்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பணக்காரப் பிள்ளையின் பட்டம் போலியென்றால் அவனுக்குத் தகப்பன் கம்பெனி இருக்கிறது. உங்களுக்கு? "இவர்களுக்கெல்லாம் படிப்பு வருமா?" என்று பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு உங்கள் பிட்டு ஒன்றே சாட்சியாகிவிடும். பதம் ஏறாத குரோம் தோல் கொதிநீரில் போட்டதும் சுருங்குவதை உங்கள் தகப்பனார் பார்த்திருப்பார், கேளுங்கள்.

சோதனையில் தவறான எண் வந்தால் அதையே எழுதி, ஏன் தவறிற்று என்பதையும் கீழே எழுதுங்கள். மார்க்குக் குறைந்தால் குறையட்டும். பாடம் புரியாவிட்டால் ஆசிரியரைக் கேளுங்கள். கேட்க வெட்கமாயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நமது வாசகசாலைக்கு வாருங்கள், படித்து முடித்த தோழர்கள் இரண்டொருவர் உட்கார்ந்திருப்பார்கள். நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். பழைய ரெக்கார்டு வேண்டாம்.